கராஜில் நின்ற வைக்கிங்

சான் ஹோசே
6 ஏப்ரல் 1985

அன்புள்ள நாகு,

நீ அனுப்பிய போட்டோக்கள் நேற்று வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான புத்தகம் என்றதால் ஏதோ கார்ட்டூன் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். கவரைப் பிரித்தவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். ஆற்றிலிருந்து படகைக் கரையேற்றி உருளைக்கட்டைகள் மேல் இழுத்துக்கொண்டு போகிறார்களே, அந்தப் படத்தில் கயிறு தோளில் அழுந்துகிற இடம் எனக்கே வலித்தது. வைக்கிங் என்றால் கடலில் போய் இங்கிலாந்தைக் கொள்ளையடித்தவர்கள் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். கிழக்குப் பக்கமும் போனார்கள், உக்ரைன் வழியாக ஆற்றிலேயே இறங்கிக் கான்ஸ்டான்டிநோபிள் வரை வியாபாரம் பண்ணினார்கள், அங்கே சக்கரவர்த்திக்கு மெய்க்காவல் பார்த்தார்கள் என்பதெல்லாம் போட்டோவின் பின்னால் நீ எழுதியிருந்ததைப் படித்துத் தெரிந்துகொண்டது.

ஒரு சந்தேகம். எல்லாப் படத்திலும் முன்னால் நிற்பவன் ஒரே ஆள். சிவப்புத் தாடி, எப்போதோ உடைந்து கோணலாகச் சேர்ந்த மூக்கு, இடது புருவத்தில் ஒரு வெட்டு. படகு இழுப்பவனும் அவன்தான். சந்தையில் ரோமத்தோல் விற்பவனும் அவன்தான். சிம்மாசனத்துக்குப் பின்னால் கோடரியோடு நிற்பவனும் அவன்தான். மனசில் தோன்றிய முகம் இவ்வளவு துல்லியமாகத் திரும்பத் திரும்ப வராது. யாரையோ நிறுத்திவைத்து வரைகிறாய். யார் அது? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இங்கே வேலை பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆபீஸ் சுந்தரராமன் வீட்டில். அவன் மனைவி ஜலஜா ரசம் நன்றாக வைக்கிறாள். ஜூனில் ஸ்கூல் முடிந்ததும் கலிபோர்னியா வரப்போகிறோம் என்று மீனாக்ஷியிடம் இப்போதே சொல்லிவை. எடிசன் ஊரில் இருந்த ஆபீஸைக் கம்பெனி மூடிவிட்டு என்னை இங்கே மாற்றியபோது நாம் பேசிக்கொண்டதும் அதுதானே.

உன்
சிவராம்

—

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
15 ஏப்ரல் 1985

அன்புள்ள உங்களுக்கு, நமஸ்காரம்.

கயிறு அழுந்துகிற இடம் வலித்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்துக்கொண்டே அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என் படத்தைப் பற்றி நீங்கள் சொன்ன முதல் வார்த்தை.

அந்த முகம் டாக்டர் மெல்னிக்குடையது. மீனாக்ஷிக்குச் சொத்தைப் பல்லை அடைத்தாரே, அந்தப் பல் டாக்டர். நீங்கள் ஆபீஸ் மூடுகிற கவலையில் இருந்தீர்கள், வரவில்லை. வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டே இந்தப் பெண் கத்திவிட்டாள்: "அம்மா, ஹி லுக்ஸ் லைக் எ வைக்கிங்!" எனக்கு மானம் போயிற்று. அவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "என் அப்பா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். நாங்கள் உக்ரைனில் கீவ் பக்கத்து ஆட்கள்" என்றார்.

அப்போதுதான் எனக்கு இந்தப் புத்தக வேலை வந்திருந்தது. வைக்கிங் படம் வரைகிறேன் என்று சொன்னேன். அவருக்கு உடனே கோபம் வந்துவிட்டது. போன நூற்றாண்டு ஓவியங்களில் எல்லாம் இவர்கள் பளபளவென்று கவசம் போட்டுக்கொண்டு படகிலிருந்து இறங்குவார்களாம், ஊர்ப் பெரியவர்கள் தேனும் ரோமத்தோலும் வைத்துக்கொண்டு, வாருங்கள், எங்களை ஆளுங்கள் என்று குனிந்து நிற்பார்களாம். "அந்தப் படங்களைப் பார்த்தே உலகம் நம்பிவிட்டது. அவர்கள் படகைத் தோளில் இழுத்தபோது கரையோரம் சங்கிலியில் நடந்தது யார்? எங்கள் ஊர்ப் பெண்கள், பிள்ளைகள். சந்தையில் விற்கக் கொண்டுபோனார்கள். அவர்களையும் போடுவதானால் சொல்லுங்கள், நானே வந்து வைக்கிங்காக நிற்கிறேன்" என்றார். ரட்கர்ஸ் யூனிவர்சிட்டி லைப்ரரியில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். படத்தில் பின்னால் வரிசையாகப் போகிறவர்களை நீங்கள் கவனித்தீர்களா?

சனிக்கிழமை மத்தியானம் வருகிறார். கராஜில் இலை வாருகிற கம்பைக் கோடரியாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். மீனாக்ஷி பக்கத்திலேயே உட்கார்ந்து ஹோம்வொர்க் பண்ணுவாள். எடிட்டர் மிஸஸ் ஹாஃப்மன் ஹெல்மெட்டில் கொம்பு வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கொம்பெல்லாம் மேடை நாடகத்துக்காரர்கள் ஒட்டிவைத்தது என்று சொல்லி ஒருவழியாக ஜெயித்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகு

—

சான் ஹோசே
24 ஏப்ரல் 1985

நாகு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீ ஜெயித்ததில் சந்தோஷம். சில விஷயங்கள் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பல் டாக்டருக்கு வேறு வேலை இருக்காதா? வீடு, வாசல், குடும்பம் ஒன்றும் இல்லையா? நம் கராஜில் ஹீட்டர் கிடையாது. மார்ச் மாதக் குளிரில் நான் அங்கே கார் பேட்டரி மாற்றப் போனாலே விரல் மரத்துப்போகும். படகு இழுக்கிற படத்தில் அந்த ஆளுக்குச் சட்டை இல்லை. தோள் எலும்பு, அதன் மேல் மச்சம், மார்பில் சுருள் சுருளாக முடி. அதுவும் லைப்ரரியில் பார்த்து வரைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை அந்த போட்டோக்களைச் சுந்தரராமன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். பெருமையாகக் காட்டத்தான் எடுத்துப்போனேன், நம்பு. ஜலஜா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "யாரு சார் இந்த ஹீரோ? தாடில ஒவ்வொரு முடியையும் விடாம வரைஞ்சிருக்காங்களே உங்க மிஸஸ்! சுந்தர், நீங்களும் தாடி வச்சுக்கோங்க, யாராவது வரைவாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போட்டோக்களை வாங்கிக் கவருக்குள் வைத்துவிட்டேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை நான் ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஆளை வைத்து வரை, அல்லது முகத்தையாவது கொஞ்சம் மாற்று. பிள்ளைகள் புத்தகத்துக்கு இத்தனை மச்சம் எதற்கு?

சிவராம்

—

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
12 மே 1985

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று நீங்கள் போனில் பேசியதை ஹாலிலிருந்த இன்னொரு போனில் மீனாக்ஷி கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "வை இஸ் அப்பா மேட் அட் டாக்டர் மெல்னிக்? டிட் ஹி ஹர்ட் அப்பாஸ் டூத்?" என்று கேட்டாள். நான் தட்டைக் கழுவ எழுந்துபோனேன்.

என் இரண்டு கையிலும் பெயின்ட். போன் அடித்துக்கொண்டே இருந்தது. உங்கள் அம்மாவுக்கு ஏதாவதோ என்று பயந்து, எடுங்கள் என்று நான்தான் அவரிடம் சொன்னேன். ஒரு ஆண் குரல் ஹலோ என்றதற்கு இத்தனை கத்தலா? நீங்கள் தமிழில் கத்தியது அவருக்குப் புரியவில்லை என்று நினைக்காதீர்கள். கத்தலுக்கு பாஷை வேண்டாம். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இன்று போதும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

இனி போனில் மீனாக்ஷியோடு மட்டும் பேசுங்கள். என்னிடம் சொல்ல வேண்டியதை எழுதுங்கள். எழுதும்போது யாரும் கத்த முடியாது.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். அவர் மனைவி அவரை விட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. பெண் காலேஜில் படிக்கிறாள். கராஜில் நானே ஒரு ஹீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். சட்டையைக் கழற்றச் சொன்னதும் நான்தான். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் நான் படித்தபோது இப்படி ஆண்களை உட்காரவைத்துத்தான் எலும்பும் சதையும் கற்றுக்கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தபோது இது உங்களுக்குத் தெரியும். அப்போது அதை ஒரு பெருமையாக உங்கள் அக்காவிடம் சொன்னவரும் நீங்கள்தான்.

கல்யாணமான புதிதில், நியூயார்க்கில் அந்த ஒற்றை அறையில் இருந்தோமே, அப்போது உங்களை வரைகிறேன் என்று கேட்டேன். கால் மணி நேரம் உட்காரச் சொன்னேன். "என்னை வரைஞ்சு என்ன பண்ணப்போற, நேர்லதான் இருக்கேனே" என்று பேப்பரை விரித்துக்கொண்டீர்கள். மறுபடி இரண்டு தரம் கேட்டேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். இப்போது இன்னொருவர் வந்து நிற்கிறார் என்றால் மட்டும் மச்சத்தை எண்ணுகிறீர்கள்.

ஜலஜாவைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் படிக்கிறேன். அவள் என்ன புடவை கட்டியிருந்தாள் என்று நான் கேட்டேனா? கேட்கத் தோன்றாமல் இல்லை. கேட்கவில்லை.

நாகலக்ஷ்மி

—

சான் ஹோசே
20 மே 1985

நாகலக்ஷ்மிக்கு,

என் வீட்டுக்கு நான் போன் பண்ணினால் எடுப்பவன் இன்னொருத்தன். அதற்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீயே எழுது. ராங் நம்பர் என்று வைத்துவிட்டிருக்க வேண்டுமா?

மனைவி விட்டுப்போன ஆள் என்பதை இத்தனை நாள் கழித்து எழுதுகிறாய்.

உன் காலேஜ் பாடம் எனக்கு வேண்டாம். ஜூன் கடைசியில் ஸ்கூல் முடிகிறது. அதற்குள் படங்களை முடித்துவிடு. முடியாவிட்டால் முடிந்த மட்டும் கொடுத்துவிட்டு வா. நான் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

சிவராமகிருஷ்ணன்

—

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
7 ஜூன் 1985

நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்று இன்று தெரிந்தது. மீனாக்ஷியை ஸ்கூலிலிருந்து அழைத்துக்கொண்டு வருகிறேன், நம் வீட்டுப் புல்வெளியில் 'ஃபார் சேல்' போர்டு நிற்கிறது. பக்கத்தில் ரியல் எஸ்டேட் கம்பெனிப் பெண் ஒருத்தி கையை நீட்டிச் சிரித்துக்கொண்டு. உங்கள் கணவர் கலிபோர்னியாவிலிருந்து எல்லாம் பேசிவிட்டார் என்கிறாள். மீனாக்ஷி காரை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுதாள். அந்தப் பெண் நல்லவள், முகம் மாறிவிட்டது. "உங்கள் கையெழுத்தும் வேண்டும். அவர் உங்களிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டாள். போர்டைப் பிடுங்கிக் கொண்டுபோகச் சொன்னேன். வாசலில் ஒரு குழி இருக்கிறது.

டாக்டர் மெல்னிக்கை இனி வர வேண்டாம் என்று போன வாரமே சொல்லிவிட்டேன். உங்களுக்காக இல்லை. காரணம் கேட்காதீர்கள்.

கடைசிப் படம் நிற்கிறது. அது என்ன படம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும்போல் இருக்கிறது. கான்ஸ்டான்டிநோபிள் சக்கரவர்த்தியின் காவல்படை வைக்கிங்குகளை ஒரு குளிர்காலத்தில் த்ரேஸ் என்கிற நாட்டுப்புறத்தில் பிரித்துப் பிரித்துத் தங்கவைத்தார்களாம். அதில் ஒருவன் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைத் தனியாகப் பார்த்து, இழுத்துப் பலாத்காரம் பண்ணப்போனான். அவள் அவனுடைய ஆயுதத்தையே பிடுங்கிக் குத்திக் கொன்றுவிட்டாள். மற்ற வைக்கிங்குகளுக்கு விஷயம் தெரிந்து எல்லோரும் திரண்டு வந்தார்கள். அவளை வெட்டத்தான் வருகிறார்கள் என்று ஊரே நினைத்தது. அவர்கள் அவளுக்கு மரியாதை செய்து, செத்தவனுடைய உடைமை எல்லாவற்றையும் அவளிடமே கொடுத்துவிட்டு, அவனைப் புதைக்காமல் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். இது ஒரு கிரேக்கச் சரித்திரத்தில் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தின் பழைய கைப்பிரதி ஒன்று மாட்ரிட்டில் இருக்கிறதாம். அதில் யாரோ ஒருவர் இதற்குப் படமும் போட்டிருக்கிறார். லைப்ரரிப் புத்தகத்தில் அதன் கறுப்பு வெள்ளை போட்டோவைப் பார்த்தேன். பெரிய பெரிய ஆண்களுக்கு நடுவில் சின்ன உருவமாக அவள்.

இதை வரைய எனக்கு வரவில்லை. ஈட்டியோடு நிற்கிற பெண் வந்துவிட்டாள், கண்ணாடியைப் பார்த்து வரைந்தேன். கீழே கிடப்பவன் வரவில்லை. எத்தனை தரம் வரைந்தாலும் தூங்குகிறவன் மாதிரி இருக்கிறான்.

இது முடியாமல் நான் எங்கும் வருவதாக இல்லை.

நாகலக்ஷ்மி

—

சான் ஹோசே
15 ஜூலை 1985

அன்புள்ள நாகு,

அங்கிருந்து திரும்புகிற விமானத்திலேயே எழுத ஆரம்பித்தேன். கை ஓடவில்லை. நேரில் இருந்த வாரம் முழுக்க நாம் மீனாக்ஷியைப் பற்றியும் புல் வெட்டுவதைப் பற்றியுமே பேசினோம். போர்டு நின்ற குழியில் மண் போட்டு மூடினேன், நீ ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அதைப் பற்றியும் நாம் பேசவில்லை. எனவே எழுதுகிறேன்.

ஃபோர்த் ஆஃப் ஜூலைக்கு வருவீர்களா மாட்டீர்களா என்று மீனாக்ஷி போனில் கேட்டதால் வந்தேன் என்று உன்னிடம் சொன்னேன். அது பாதிதான். அந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

கராஜில் செத்த ஆளாகப் படுக்க முடியுமா என்று நீ கேட்டதும் நான் சட்டென்று ஒத்துக்கொண்டதில் உனக்கு ஆச்சரியம். அந்த ஆள் நின்ற இடத்தில் நானும் இருந்தாக வேண்டும் என்கிற வீம்பு, வேறொன்றும் இல்லை. சிமென்ட் தரை முதுகில் குத்தியது. கண்ணைத் திறந்தபடி படுக்கச் சொன்னாய். "அப்பா, யூ லுக் ரியலி டெட்" என்று மீனாக்ஷிக்கு ஒரே குஷி. உன்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். நீ என்னை அத்தனை நேரம் தொடர்ந்து பார்த்தது இதுவரை நடந்ததில்லை. முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு ஒரு சந்தோஷம். கொஞ்ச நேரம் போனதும்தான் உறைத்தது, நீ பார்ப்பது என்னை இல்லை. என் கை எப்படி மடங்கிக் கிடக்கிறது, கழுத்துக்குக் கீழே நிழல் எங்கே விழுகிறது, அதைத்தான். "நாகு, தண்ணி வேணும்" என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். உன் காதில் விழவே இல்லை.

கிளம்புகிற அன்று காலையில் டயர் பார்க்கப் போகிறேன் என்று போனேனே, டயருக்குப் போகவில்லை. மெல்னிக் கிளினிக்குக்குப் போனேன். பல் வலி என்று பொய் சொல்லி உள்ளே போய்விட்டேன். உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று புரிந்தது. என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, மேலே விளக்கைப் போட்டு, அந்தச் சிவப்புத் தாடி குனிகிறது. உன் படத்தில் இருந்தபடியேதான் இருந்தார், புருவத்து வெட்டு உள்பட. என் வாயைப் பார்த்துவிட்டு, பொய் சொன்ன இடத்திலேயே நிஜமாக ஒரு சொத்தையைக் கண்டுபிடித்தார். மரத்துப்போக ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை வைத்த பிறகுதான் என் பெயர் எழுதிய சீட்டைப் பார்த்தார்.

"உங்கள் குரல் எனக்குத் தெரியும்" என்றார். "கேள்வி கேட்கத்தான் வந்தீர்கள். இப்போது உங்களால் பேச முடியாது. நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவியை எனக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமைக்காகக் காத்திருப்பேன். அதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும், கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். மணிக்கணக்காக என்னைப் பார்ப்பார், ஒரு நிமிஷம்கூட அது எனக்கான பார்வை இல்லை. நீங்கள் என் மேல் கோபப்படலாம். அவர் மேல் கோபப்பட உங்களுக்கு ஒன்றுமே இல்லை."

பிறகு டிரில்லை எடுத்தார். பழி வாங்க அதைவிட வசதியான நாற்காலி உலகத்தில் கிடையாது. அவ்வளவு மெதுவாக, ஒரு சிறு வலிகூடத் தெரியாமல் செய்து முடித்தார். வீட்டுக்கு வந்தபோது காபி ஏன் குடிக்கவில்லை என்று கேட்டாயே, பாதி வாய் என் வசத்தில் இல்லை.

அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஏர்போர்ட் போகிற வரைக்கும். பிறகு இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் சொன்னதும் நான் தரையில் கிடந்தபோது கண்டதும் ஒன்றேதான். அந்த மனுஷரும் நானும் ஒரே மாதிரி ஏமாந்திருக்கிறோம். நீ அத்தனை உயிரைக் கொடுத்துப் பார்ப்பது ஒரு தாளை. நான் இத்தனை மாதமாகப் பொறாமைப்பட்டது ஆள் மாறி. ஒரு தாடிக்காரனோடு சண்டை போட்டிருக்கலாம். இதோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போர்டு வைத்தது தப்பு. அதை நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

சிவராம்

—

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
3 ஆகஸ்ட் 1985

அன்புள்ள உங்களுக்கு, நமஸ்காரம்.

பல் இப்போது எப்படி இருக்கிறது?

அவருக்கு என்னைப் பிடித்திருந்தது எனக்குத் தெரியாது என்று நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டீர்களே, அதைப் படித்துச் சிரிப்பு வந்தது. மே கடைசியில் ஒரு சனிக்கிழமை தாடியைச் சீவி ஒழுங்குபண்ணி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வாசனையாக வந்து நின்றார். ஆற்றில் படகு இழுக்கிறவனுக்கு எதற்கு சென்ட்? அன்றே புரிந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம்தான் வர வேண்டாம் என்று சொன்னேன்.

காரணம் கேட்காதீர்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது நானே சொல்கிறேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் பார்க்கப்போகிறேன் என்பதற்காக ஒருவர் தலை சீவிக்கொண்டு வந்தாரே என்று. அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. அது இருக்கும்போது கோடு சரியாக விழவில்லை. அதனால் நிறுத்தினேன். நீங்கள் சந்தேகப்பட்டதில் இவ்வளவு நிஜம் இருந்தது. இதற்கு மேல் இல்லை. இதை மறைத்துவைத்துக்கொண்டு உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

நீங்கள் இரண்டு தரம் தண்ணீர் கேட்டது நிஜமாகவே காதில் விழவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் இனிமேல் விழும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

படம் முடிந்தது. உங்களால்தான் முடிந்தது. தூங்குகிறவனுக்கும் செத்தவனுக்கும் வித்தியாசம் கையில்தான் இருக்கிறது என்பது நீங்கள் படுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மிஸஸ் ஹாஃப்மன் நெடுநேரம் பார்த்தார். "இந்தப் புத்தகத்திலேயே சிறந்த படம் இது. இதைப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் காட்ட எங்களுக்குத் தைரியம் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், சங்கிலியில் போகிறவர்கள் உள்பட. அடுத்த புத்தகமும் எனக்கே கொடுத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவிலிருந்து தபாலில் அனுப்பினால் போதுமாம்.

திரும்பி வந்த படத்தை டாக்டர் மெல்னிக்குக்குக் கொடுத்துவிட்டேன். செத்தவனுடைய அங்கியை அந்தப் பெண்ணிடம் நீட்டுகிற வைக்கிங் அவர்தான், பழைய ஸ்கெட்ச்களை வைத்து வரைந்தேன். கிளினிக்கில் காத்திருக்கிற இடத்தில் மாட்டியிருக்கிறார். கீழே கிடப்பவரை யாரென்று அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். மீனாக்ஷிதான் ஸ்கூல் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பல் வலிக்கிறவர்கள் எல்லோரும் இனி உங்களைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். உங்களைக் கேட்காமல் செய்தேன். நீங்கள் கேட்காமல் செய்தது புல்வெளியில் நின்றது, நான் கேட்காமல் செய்தது சுவரில் தொங்குகிறது. இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

வீட்டை இப்போது விற்க வேண்டாம். கொஞ்ச நாள் வாடகைக்கு விடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். ஆகஸ்ட் கடைசியில் நாங்கள் வருகிறோம். மீனாக்ஷிக்கு அங்கே ஸ்கூல் பார்த்துவிட்டீர்களா?

எனக்கு வேலை செய்ய அங்கே என்ன இடம் இருக்கிறது? சமையலறை மேஜை என்று எழுதாதீர்கள்.

நாகு

—

சான் ஹோசே
11 ஆகஸ்ட் 1985

அன்புள்ள நாகு,

உன் கடிதத்தை ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். சென்ட் போட்டுக்கொண்டு வந்தார் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்து மீதியைப் படித்தேன். இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தது என்று நீ எழுதியிருக்காவிட்டால், அதற்கு மேல் இல்லை என்பதை நான் நம்பியிருக்க மாட்டேன். இப்போது நம்புகிறேன். வயிறு எரிகிறது, ஆனாலும் நம்புகிறேன்.

அந்த ஆளுடைய சுவரில் நான் செத்துக் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இதை ஒரு தரம் சொல்லிவிட்டேன், இனி சொல்ல மாட்டேன். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பெண் முகத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். சுற்றி அத்தனை பேர் நிற்கிறார்கள், அவள் ஒருவரையும் பார்க்கவில்லை.

வீட்டை வாடகைக்கு விடலாம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

போன வாரம் வேறு அபார்ட்மென்ட்டுக்கு மாறிவிட்டேன். மீனாக்ஷியின் ஸ்கூலுக்கு நடந்தே போகலாம். இரண்டு படுக்கையறை. பெரிய அறையில் வடக்குப் பார்த்து ஒரு ஜன்னல், சுவர் அகலத்துக்கு. சாமான் இறக்க உதவிக்கு வந்த சுந்தரராமன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போனான். "டேய், அங்க வேணாம், ஹாலுக்கு ஒட்டி இருக்கற சின்ன ரூம்ல போடு" என்றேன். "என்னடா, மாஸ்டர் பெட்ரூமைக் காலியா விட்டு என்ன பண்ணப்போற?" என்றான். "அது நாகுவோட ரூம்டா" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

நேற்று சாயங்காலம் அங்கே போய்த் தரையில் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் சுவர் முழுக்க ஒரே சீராக இருந்தது. இந்த இடத்தில் இனி யார் யார் வந்து நிற்கப்போகிறார்கள், அவர்களை எல்லாம் எப்படிப் பார்க்கப்போகிறாய் என்று யோசித்தேன். முகமே தெரியாத ஆட்கள் மேல் இப்போதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அது போகும் என்று தோன்றவில்லை. அதோடேயே இருந்துகொள்கிறேன்.

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. நீ வருவதற்குள் போட்டுவைக்கிறேன்.

உன்
சிவராம்